நன்றிக்காக வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?

வலிகாமத்திலிருந்து 72 வயதுடைய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை நீக்கி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

கணவர் 2011இல் காலமானார். மகன் ரொறன்ரோவிலும் மகள் நோர்வேயிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். சென்ற மாரி காலத்தில் ஒருநாள் விடியற்காலை, முகம் கழுவப் போன இடத்தில் நெஞ்சு நோவு வந்து கிணற்றடியிலேயே விழுந்துவிட்டார். பக்கத்து வளவில் வசிக்கும் சிநேகிதி, அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான், வாளி உருண்ட சத்தத்தைக் கேட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவந்து, 1990 அம்புலன்சை அழைத்து, போதனா வைத்தியசாலைக்குக் கூடவே போயிருக்கிறார். பிறகு கொழும்பில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் இதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அந்தச் செலவு முழுவதையும் மகன் ஏற்றார். மகள் இன்றுவரை ஒவ்வொரு இரவும் வீடியோவில் வந்து, மாத்திரைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, அன்றைய கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே தொலைபேசியை வைக்கிறார். தங்கையின் மகள், அதாவது பெறாமகள், தான் செய்துவந்த முன்பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, கணவனோடும் சிறு மகனோடும் வந்து இந்த வீட்டிலேயே தங்கிப் பராமரித்திருக்கிறார். குளிக்க வார்த்தது, சீனி அளவு பார்த்தது, உப்பில்லாத கறியை வாய்க்கு ஏற்றவாறு சமைத்தது, கிளினிக் நாட்களில் விடியமுன் போய் நம்பர் எடுத்தது எல்லாம் அவர்தான்.

இப்போது உடல் நன்றாகத் தேறியிருக்கிறது. காலையில் கோயிலடி வரை நடந்து திரும்புகிறார். சீனியும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கின்றன. புட்டுக்குத் தானே மாக் குழைக்கிறார். விழுவதற்கு முந்திய ஐந்து வருடத்திலும் இவ்வளவு சுகமாக இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

இனி அவருடைய கேள்விகள். தனது சீதன வீட்டையும் அது நிற்கும் ஐந்து பரப்பு வளவையும் பெறாமகளின் பெயருக்கு இப்போதே நன்கொடையாக எழுத விரும்புகிறார். கணவர் 1984இல் வாங்கிய ஆறு பரப்புத் தோட்டக்காணியை விற்று, சிநேகிதிக்கு ஒரு பகுதியும் வைத்தியசாலைக்கு ஒரு பகுதியும் கொடுக்க நினைக்கிறார். கிளினிக்கில் தன்னைப் பார்க்கும் வைத்தியருக்கு ஒரு மோதிரம் போடவும் ஆசை. பிள்ளைகளிடம் சொன்னால் இழுபறி வரும், சொல்லாமலே முடித்துவிடுங்கள் என்று உறவினர் ஒருவர் ஆலோசனை கூறியிருக்கிறார். பெறாமகளைப் பற்றி, "அவள் எனக்கு இரண்டாவது உயிர் தந்தவள். அந்தக் கடனைத் தீர்க்காமல் கண்ணை மூடக்கூடாது என்று கிடக்கிறது. நாளைக்கு ஏதும் பிழைத்தால் உறுதியைத் திருப்பி எடுக்கலாம்தானே?" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். முதலில் ஒரு சட்டத்தரணியாக, எந்தக் காணி எவருக்குரியது என்று பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாவது வாசிப்பில் வேறொன்று தட்டுப்பட்டது. உடம்பு தேறிவிட்டது என்று முதல் இரண்டு பக்கங்களிலும் மகிழ்ச்சியோடு எழுதிய நீங்கள், மூன்றாம் பக்கத்தில் சொத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இன்றோ நாளையோ கண்ணை மூடப்போகிற ஒருவரின் அவசரத்தில் எழுதுகிறீர்கள். உங்களைப் பார்க்கும் வைத்தியர் அப்படி ஏதும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. மாத்திரைகளைத் தவறாமல் எடுத்து, நடந்து, உணவைக் கவனித்துக்கொண்டால் நீங்கள் இன்னும் பல வருடங்கள் இருக்கக்கூடும். ஆகவே, அந்த வருடங்களை எங்கே, எதைக் கொண்டு, யாருடைய கூரையின் கீழ்க் கழிக்கப் போகிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் எந்த உறுதியிலும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் கீழே எழுதுவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

எது உங்களுடையது, எது முழுவதும் உங்களுடையதல்ல

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது என்பதைப் படிப்பித்தவராகிய நீங்கள் அறிந்திருப்பீர்கள். இன்று நமது திருமணச் சொத்துக்கும் வாரிசுரிமைக்கும் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் வந்த திருத்தமும் ஆகும். உங்கள் திருமணம் 1978இல் நடந்ததால் அந்தத் திருத்தம் உங்களுக்குப் பொருந்தும்.

வீடும் வளவும் உங்கள் பெற்றோர் சீதன உறுதியில் உங்களுக்கே எழுதித் தந்தவை. அது உங்கள் தனிச்சொத்து. கணவர் உயிரோடு இருந்திருந்தால், இந்தக் கட்டளைச் சட்டத்தின்படி அதைக் கைமாற்ற அவருடைய எழுத்துமூலச் சம்மதம் தேவைப்பட்டிருக்கும். உங்கள் காலத்து ஆசிரியைகள் பலர் தங்கள் சொந்தச் சம்பளத்தில் வீட்டைக் கட்டியபின்னும் இந்தச் சம்மதத்துக்காகக் காத்திருந்ததைப் பார்த்து நான் சலித்திருக்கிறேன். அது வேறு கதை. இப்போது உங்களுக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

தோட்டக்காணியின் நிலை அப்படியல்ல. திருமணத்துக்குப் பின்னர் கணவர் தன் உழைப்பில் விலைக்கு வாங்கியதால் அது தேடியதேட்டம். "அவர் போனபின் எல்லாம் எனக்குத்தானே" என்று நீங்கள் எழுதியிருப்பது நம்மிடையே பரவலாக உள்ள எண்ணம், ஆனால் தவறானது. மரணசாதனம் (உயில்) எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய தேடியதேட்டத்தில் அரைவாசி மனைவிக்கும் மற்ற அரைவாசி வாரிசுகளுக்கும் போகும். அதாவது ஆறு பரப்பில் பிரிபடாத அரைப் பங்கு உங்களுடையது. மற்ற அரைப் பங்கு 2011 முதலே மகனுக்கும் மகளுக்கும் சமமாக உரியது. அவர்கள் வெளிநாட்டுப் பிரசைகளாகிவிட்டார்கள் என்பதால் பெற்றோரின் சொத்து வாரிசாக வருவது தடைப்படாது. முழுக் காணியையும் நீங்கள் தனியே விற்றால், வாங்குபவருக்கு உங்கள் அரைப் பங்குக்கு மேல் எதுவும் சேராது. பின்னர் அவர் உங்கள் பிள்ளைகள் மீதல்ல, உங்கள் மீதே வழக்கு வைப்பார்.

உங்கள் அரைப் பங்கை மட்டும் விற்கலாமே என்றால், அதற்கும் ஒரு படி உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்வாங்கல் கட்டளைச் சட்டத்தின்படி, பிரிபடாத பங்கை அந்நியருக்கு விற்குமுன் கூட்டு உரிமையாளர்களுக்கு அறிவித்தல் கொடுத்து, வாங்கும் வாய்ப்பை முதலில் அவர்களுக்கு வழங்க வேண்டும். உங்கள் காணியில் கூட்டு உரிமையாளர்கள் உங்கள் பிள்ளைகள்தான். ஆகவே அவர்களுக்குச் சொல்லாமல் தோட்டக்காணியில் எதுவும் செய்ய முடியாது. என் கருத்தைக் கேட்டால், அந்தக் காணியை இப்போதைக்குத் தொடாதீர்கள். குத்தகைக்குக் கொடுத்திருக்கும் பங்கில் வரும் வெங்காயக் காசு உங்கள் மருந்துச் செலவுக்கு உதவுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாமா

உங்கள் கடிதத்தில் எனக்கு ஆகக் கவலை தந்த வரி, பிழைத்தால் திருப்பி எடுக்கலாம்தானே என்ற கடைசி வரிதான். நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டு, பெறுபவரால் ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடை உறுதியை மனம் மாறியது என்பதற்காகக் கிழித்துப் போட முடியாது. பெறுபவர் பாரதூரமான நன்றிகெட்ட செயலைச் செய்தார் என்ற காரணத்துக்காக மீளப்பெற முடியாத நன்கொடையையும் இரத்துச் செய்விக்க 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு நீங்கள் நீதிமன்றத்தில் வழக்கிட வேண்டும். செயலையும் அதன் பாரதூரத்தையும் எண்பிக்க வேண்டும். வழக்கிடுவதற்குக் கால எல்லையும் உண்டு. முகம் கொடுத்துப் பேசவில்லை, தேத்தண்ணி நேரத்துக்கு வரவில்லை, தன் தாயைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டாள் என்பவை ஒரு முதியவருக்கு எவ்வளவு நோவைத் தந்தாலும், நீதிமன்றம் அவற்றை அந்த வகைக்குள் அடக்குவது அரிது. மேலும், ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு 80 வயதில் சாட்சிக் கூண்டில் ஏறி, உங்களுக்குக் குளிக்க வார்த்த பிள்ளையை நன்றி கெட்டவள் என்று சத்தியம் செய்து சொல்லும் நிலைமையை நீங்களே விரும்பமாட்டீர்கள்.

இதை வாசித்து, உங்கள் பெறாமகளின் குணத்தில் நான் ஐயப்படுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் நல்ல பிள்ளைதான். உறுதிகளில் வரும் ஆபத்து பெரும்பாலும் குணத்தால் வருவதில்லை. வீடு அவர் பெயரில் இருக்கும்போது அவருடைய கணவரின் தொழிலில் நட்டம் வந்து, கடனுக்காக வீட்டை ஈடு வைக்க வேண்டிய நெருக்கடி ஏற்படலாம். அவர்கள் வெளிநாடு போகத் தீர்மானித்து, ஏஜென்சிக்குக் காசு கட்ட வீட்டை விற்க நேரலாம். இவை நம் ஊரில் நடக்காத காரியங்களல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்ல மனம் வராவிட்டாலும் சொல்லியாக வேண்டும்: அவர் உங்களுக்கு முன் காலமானால், நீங்கள் பிறந்து வளர்ந்த வளவு அவருடைய கணவருக்கோ சிறு பிள்ளைக்கோ போய்விடும்; நீங்கள் உங்கள் பெறாமகளின் கணவருடைய தயவில் அங்கே இருப்பீர்கள்.

இன்னுமொன்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தன்னைப் பராமரிக்க வழியில்லாத மூத்தவர் ஒருவர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்துத் தன் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். பெறாமகளிடம் அப்படிக் கேட்க முடியாது. அவர் உங்களுக்குச் செய்த எதையும் சட்டம் அவரிடம் கேட்கவில்லை. அவர் செய்தது அவ்வளவு பெரிது என்று நீங்கள் உணர்வதற்கு அதுவே காரணம். வீட்டை எழுதிவிட்டால் மட்டும் அந்தப் பராமரிப்பு அவருடைய சட்டக் கடமையாகிவிடாது என்பதும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

உங்கள் முன்னால் உள்ள வழிகள்

சீவியவுருத்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு நன்கொடை எழுதுவது நம் ஊரில் அதிகம் பேர் தெரிவுசெய்யும் வழி. உடைமை அவருக்குப் போகும். உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கவும் வாடகை, தேங்காய், மாங்காய் வருமானத்தை எடுக்கவும் உங்களுக்கு உருத்து இருக்கும். அவர் வீட்டை ஈடு வைத்தாலும், விற்றாலும், அவருக்கு ஏதேனும் நடந்தாலும் உங்கள் சீவியவுருத்து நிலைக்கும். முழு நன்கொடையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நாளை இன்னொரு சத்திரசிகிச்சை வந்து பெரிய தொகை தேவைப்பட்டால், அவருடைய கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டை விற்றுப் பணமாக்க உங்களால் முடியாது. உங்கள் வயதில், உங்கள் இதயத்தோடு, அந்தக் கதவை அடைக்கத் தயங்குகிறேன்.

மரணசாதனம் எழுதுவது இரண்டாவது வழி. நமது சட்டத்தில் பிள்ளைகளுக்கு இவ்வளவு கட்டாயம் விட வேண்டும் என்ற விதி இல்லை. உங்கள் சொத்தை நீங்கள் விரும்பியவருக்கு எழுதலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வீடு முழுவதும் உங்களுடையது. எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். இதன் குறை பெறாமகளின் பக்கத்தில் இருக்கிறது. வேலையை விட்டு வந்தவர், எந்த நேரமும் மாற்றக்கூடிய ஒரு தாளை நம்பி இருக்க வேண்டும். உங்களுக்குப் பின் மரணசாதனத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும். அவருடைய இடத்தில் இருந்து பார்த்தால் அது நியாயமான கவலைதான்.

அற்றோணித் தத்துவம் கொடுத்துவிட்டால் போதும் என்று உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது உங்கள் சார்பில் கருமம் பார்க்கும் அதிகாரம் மட்டுமே. எவருக்கும் உடைமையைத் தராது, உங்கள் மரணத்தோடு முடிந்துவிடும். இதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை.

நான் உங்களுக்குச் சொல்வது

நன்கொடை, மரணசாதனம் இரண்டையும் கலந்து செய்யுங்கள். ஐந்து பரப்பு வளவின் மேற்குப் பக்கத்தில் இரண்டு பரப்பு வெறுங்காணியாக, பழைய மாட்டுக் கொட்டிலோடு கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு பரப்பையும் நில அளவையாளரைக் கொண்டு அளந்து, பிரதேச சபையில் உட்பிரிவுக்கான அனுமதி பெற்று, பெறாமகளின் பெயருக்கு இப்போதே முழு நன்கொடையாக எழுதுங்கள். அது போனாலும் உங்கள் கூரைக்கோ மருந்துக்கோ குறை வராது. அதனால் திருப்பி எடுக்கலாமா என்ற கேள்வியே எழாது. அவருக்கும் கையில் பிடிக்கக்கூடிய ஓர் உறுதி கிடைக்கும். அதில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டால் உங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பார். நன்கொடையாக வருவதால் அது அவருடைய தனிச்சொத்து. வீடும் மீதி மூன்று பரப்பும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அவற்றை எவருக்கு, எந்தப் பங்கில் என்று மரணசாதனத்தில் எழுதுங்கள். முழுவதையும் பெறாமகளுக்கு எழுதினாலும், பிள்ளைகளோடு பகிர்ந்து எழுதினாலும் அது உங்கள் விருப்பம்.

அந்த நன்கொடை உறுதியில் இரண்டு விடயங்களை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்: அந்த மேற்குக் காணிக்கு ஒழுங்கையிலிருந்து போகும் பாதையின் அகலம், கிணற்றில் அவருக்குள்ள பங்கு. உங்கள் வளவில் கிணறு ஒன்றுதான். அது முன்பக்கத்தில், உங்கள் பகுதிக்குள் இருக்கிறது. இன்று நீங்கள் இருவரும் ஒரே துலாவில் அள்ளுவீர்கள் என்பதால் இது தேவையற்றதாகத் தோன்றும். யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் கிணற்றுப் பங்குக்கும் வழிக்கும் நடக்கும் வழக்குகளில், எழுதாமல் விட்டவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ஒற்றுமையாக இருந்தவர்கள்தான்.

வேலையை விட்டுவந்த அவருக்கு இந்த மாதத்திலிருந்தே ஓய்வூதியத்தில் ஒரு தொகையை, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு, ஒழுங்காகப் போடுங்கள். காணி என்பது என்றோ ஒருநாள் பயன்படுவது. மகனுக்குச் சப்பாத்து வாங்க ஒவ்வொரு முறையும் பெரியம்மாவிடம் வந்து கேட்க வேண்டியிருப்பது ஒரு முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் சங்கடம். உங்கள் கடிதம் முழுவதிலும் அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டதாக ஒரு வரி இல்லை. நன்கொடை செல்லுபடியாக அவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. ஆகவே நொத்தாரிசின் மேசையில் கேட்பதற்கு முன், குசினியில் வைத்துக் கேளுங்கள். திரும்ப வேலைக்குப் போக ஆசைப்படுகிறார் என்றால், பகலில் உங்களோடு இருக்க வேறு ஒழுங்கு செய்வதும் நன்றிதான்.

பிள்ளைகளிடம் சொல்வது

சீதன வீட்டைப் பொறுத்தவரை பிள்ளைகளின் அனுமதி சட்டத்தில் தேவையில்லை. ஆனால் சொல்லாமல் செய்வதே நாளை அவர்கள் வழக்கிட நேர்ந்தால் முதல் ஆயுதமாகும். நோயுற்ற தாய், கூடவே வசித்த உறவினர், பிள்ளைகள் அறியாமல் எழுதிய உறுதி என்ற மூன்றையும் ஒரு சட்டத்தரணி அடுக்கினால், அழுத்தத்தின் கீழ் எழுதப்பட்டது என்ற வாதம் தானாக உருவாகும். அதன் பழி பெறாமகளின் தலையில் விழும். அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு, எல்லோரும் அறிய எழுதுவதே.

இழுபறி வரும் என்று எவரோ சொன்னதை வைத்துப் பிள்ளைகளை முன்கூட்டியே எதிர்ப் பக்கத்தில் நிறுத்திவிட்டீர்கள் என்றும் எனக்குப் படுகிறது. ஸ்டென்டுக்குப் பணம் கட்டிய மகனும், இரவிரவாக மாத்திரைக் கட்டங்களைப் பார்க்கும் மகளும் இந்தச் சுகத்தில் பங்காளிகள். நீங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்களின் வரிசையில் அவர்கள் பெயரைக் காணவில்லை. பிள்ளைகள்தானே, அது அவர்கள் கடமை என்று விட்டிருப்பீர்கள். உங்கள் தலைமுறையில் அது வழக்கம். முதலில் அவர்களுக்கு ஒரு கடிதத்தை, தொலைபேசியில் தட்டாமல், உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். அவர்கள் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிறகு, "உங்களால் இங்கே இருந்து செய்ய முடியாமற்போனதை அவள் செய்தாள், அதற்காக மேற்கு வளவை அவளுக்குக் கொடுக்க விரும்புகிறேன்" என்று எழுதுங்கள். இரண்டு பரப்புக்கு மறுப்புச் சொல்லும் பிள்ளைகள் இருக்கலாம். அப்படியிருந்தாலும் நீங்கள் எழுதலாம், அந்தக் கடிதத்தின் பிரதி நீங்கள் அறிந்து, விரும்பிச் செய்தீர்கள் என்பதற்குச் சான்றாக இருக்கும்.

சிநேகிதிக்கும் வைத்தியசாலைக்கும்

சிநேகிதிக்குக் காணிக் காசு கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவந்தவர் அதை ஏற்கமாட்டார் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. உங்களிடம் உள்ள இரண்டு பவுண் சங்கிலியை அவருக்கு மரணசாதனத்தில் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவருக்கு 74 வயது. உங்களுக்குப் பின் அவர் நீதிமன்றப் படியேறி அதைப் பெற வேண்டும் என்பது நல்ல பரிசாகத் தெரியவில்லை. நகைக்கு உறுதி தேவையில்லை. கழுத்திலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தால் நன்கொடை முடிந்தது. அவர் வாங்க மறுத்தால் அவருடைய பேத்திக்குப் போடுங்கள்.

வைத்தியருக்கு மோதிரம் போட வேண்டாம். இது மரியாதைக் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அரச ஊழியர் ஒருவருக்கு அவருடைய கடமை தொடர்பாகச் சன்மானம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது. நல்ல மனதோடு கொடுத்த மோதிரம் அந்த வைத்தியரையே விளக்கம் சொல்ல வைக்கும். கிளினிக்கில் உங்களைப் பார்த்த வைத்தியர், தாதியர், காலையில் நம்பர் கொடுக்கும் சிற்றூழியர் ஆகியோரின் பெயரையும் அவர்கள் செய்ததையும் குறிப்பிட்டு வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முறைப்பாடுகள் நிறையப் போகும் அலுவலகத்துக்கு அப்படியான கடிதம் குறைவாகவே போகிறது. பொருளாகக் கொடுக்க விரும்பினால், விடுதிக்கு எது தேவை என்று நிர்வாகத்திடம் கேட்டு, நிர்வாகத்தின் ஊடாகவே கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

நொத்தாரிசிடம் போகும்போது

உங்களுக்கு நீங்களே தெரிவுசெய்த நொத்தாரிசிடம் போங்கள். பெறாமகளின் கணவர் அறிந்தவரிடம் அல்ல. போகுமுன் காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதியின் பதிவைத் தேடுவித்து, சீதன உறுதிக்குப் பின் ஈடோ வேறு பாரமோ பதியப்படவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பெயர்வுகளில் பல உறுதிகள் தொலைந்தன. உங்களிடம் இருப்பது மூலப்பிரதியா, பதிவகத்துப் பிரதியா என்று கடிதத்தில் தெளிவில்லை. பிரதியாக இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை, நொத்தாரிசிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நன்கொடைக்குக் காணியின் பெறுமதியின் மீது முத்திரை வரி வரும். எவ்வளவு என்பதை எழுதுமுன் கேட்டு, அதை யார் கட்டுவது என்றும் பேசிக்கொள்ளுங்கள். புதிய உறுதி எழுதிய கையோடு பதியப்பட வேண்டும். பதியாத உறுதி, பின்னால் வந்து பதியப்பட்ட உறுதிக்கு முன் தோற்றுப்போக இடமுண்டு.

அதே கிழமைக்குள் உங்கள் வைத்தியரிடம், நீங்கள் தெளிவான சிந்தனையோடு இருக்கிறீர்கள் என்று ஒரு கடிதம் வாங்கி மரணசாதனத்தோடு வையுங்கள். பெறாமகளோ அவருடைய கணவரோ மரணசாதனத்துக்குச் சாட்சியாக இருக்கக் கூடாது. அது எழுதப்படும்போது அறைக்குள்ளும் இருக்க வேண்டாம். நிறைவேற்றுநராக ஊரில் இருக்கும், உங்களைவிட வயது குறைந்த ஒருவரை நியமியுங்கள்.

தேசிய அடையாள அட்டை, சீதன உறுதி, கணவரின் இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், தோட்டக்காணி உறுதி, நில அளவைப் படம் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிட்டு மாத்திரையும் எடுத்த பிறகு போங்கள். நொத்தாரிசுகளின் அலுவலகத்தில் காத்திருக்கும் நேரத்துக்குக் கணக்கில்லை.